வின்செஸ்டர் மாடல் 70: 1964-க்கு முன்னும் பின்னும்

வின்செஸ்டர் மாடல் 70 என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரில் 1936-ஆம் ஆண்டு தயாரிக்கத் தொடங்கப்பட்ட வேட்டை ரைஃபிள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் மிகவும் புகழ்பெற்றவற்றுள் இதுவும் ஒன்று. 'ரைஃபிள்காரனின் ரைஃபிள்' என்ற விளம்பரத் தொடரால் இது அறியப்பட்டது.

1964-இல் இதன் உட்பொறியமைப்பும் தயாரிப்பு முறையும் பெருமளவு மாற்றப்பட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. அன்றிலிருந்து அமெரிக்க வேட்டைக்காரர்களும் சேகரிப்பாளர்களும் இதை 'முன்-64', 'பின்-64' என்று இரண்டாகப் பிரித்தே பேசுகின்றனர். ஓர் ஆண்டு எண்ணே ஒரு பொருளின் தர முத்திரையாக மாறியது தொழில் வரலாற்றில் அரிதான நிகழ்வு. மாற்றத்துக்கான காரணம் என்ன, மாற்றத்தில் எது கெட்டது, எது மேம்பட்டது, கைவிடப்பட்ட பழைய முறை ஏன் 28 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

போல்ட் என்பது துப்பாக்கிக் குழலின் பின்வாயை அடைக்கும் உருளை வடிவ எஃகுத் தண்டு. கதவின் தாழ்ப்பாளைப் போலவே இது இயங்குகிறது. கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டு திறக்கும். பின்னால் இழுத்தால் சுட்டு முடிந்த தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் கீழே உள்ள பெட்டியிலிருந்து புதிய தோட்டா குழலுக்குள் செல்லும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் போல்ட்டின் தலைப்பகுதியில் உள்ள புடைப்புகள் துப்பாக்கியின் எஃகு உடலில் உள்ள பள்ளங்களில் பூட்டிக்கொள்ளும். வெடிப்பின் முழு அழுத்தத்தையும் இந்தப் பூட்டே தாங்குகிறது.

இவ்வகை அமைப்புக்கு இறுதி வடிவம் தந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் மவுசர். 1898-இல் ஜெர்மானியப் படை ஏற்றுக்கொண்ட அவரது ரைஃபிள், பின்னர் வந்த பெரும்பாலான போல்ட் ரைஃபிள்களுக்கு முன்மாதிரியானது. பிரித்தானிய நிறுவனங்களும் மவுசர் பொறியமைப்பைப் பயன்படுத்தி வேட்டைத் துப்பாக்கிகள் செய்தன. இந்தியாவில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் பயன்படுத்திய .275 ரிக்பி ரைஃபிளும் மவுசர் வகையே.

அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. 1866-இல் தொடங்கப்பட்ட வின்செஸ்டர் நிறுவனம், விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கையால் அசைத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள்களால் பெயர் பெற்றது. 1873, 1894 ஆகிய ஆண்டுகளின் பெயரைத் தாங்கிய அதன் நெம்புகோல் ரைஃபிள்களே அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குப் பழக்கமானவை. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் போல்ட் ரைஃபிளைக் கையாளக் கற்றனர். ஊர் திரும்பியபோது வேட்டைக்கும் அதே வகைத் துப்பாக்கியை நாடினர்.

மாடல் 54

இந்தத் தேவையை நிறைவேற்ற வின்செஸ்டர் 1925-இல் மாடல் 54-ஐ வெளியிட்டது. மவுசரின் போல்ட்டையும், அமெரிக்கப் படையின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளின் கூம்பு வடிவக் குழல்வாயையும் இணைத்து இது உருவாக்கப்பட்டது. இதனுடன் அறிமுகமான .270 வின்செஸ்டர் தோட்டா, .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி, எடை குறைந்த குண்டை வேகமாகச் செலுத்துமாறு செய்யப்பட்டது. மலைப்பகுதிகளில் தொலைவில் நிற்கும் மான், காட்டு ஆடு ஆகியவற்றை வேட்டையாடுவோரிடம் அது நாளடைவில் பெரும் புகழ் பெற்றது.

மாடல் 54-இல் குறைகள் இருந்தன. விசையின் பகுதியே போல்ட்டைத் தடுத்து நிறுத்தும் தடையாகவும் வேலை செய்ததால் விசை இழுப்பு மென்மையாக இல்லை. பாதுகாப்புப் பூட்டு மேல்நோக்கி எழுந்து நின்றதால் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் தாழ்வாகப் பொருத்த முடியவில்லை. விசைக்காப்பு தகட்டை அழுத்திச் செய்யப்பட்டது. 1936 வரை சுமார் 50,000 துப்பாக்கிகளே தயாராயின.

இதற்கிடையில் பொருளாதாரப் பெருமந்தம் வின்செஸ்டரைத் திவாலாக்கியது. 1931 டிசம்பரில் ஆலின் குடும்பத்தின் வெஸ்டர்ன் காட்ரிட்ஜ் நிறுவனம் அதை வாங்கியது. ஜான் ஆலின் துப்பாக்கி ஆர்வலர், வேட்டைக்காரர். மந்தநிலை நீடித்த காலத்திலும் உயர்தரமான ஒரு ரைஃபிளை உருவாக்கும் பணி அவரது நிர்வாகத்தில் தொடர்ந்தது. அதன் விளைவே மாடல் 70.

பழைய வடிவத்தின் அமைப்பு

மாடல் 70, மாடல் 54-இன் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தது. அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு.

இழுகொக்கி: போல்ட்டின் பக்கவாட்டில் நீண்ட எஃகுக் கொக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். போல்ட் திரும்பும்போது இது திரும்பாது. பெட்டியிலிருந்து தோட்டா மேலெழும் கணத்திலேயே அதன் அடி விளிம்பு இந்தக் கொக்கிக்குள் நழுவிப் புகுந்துவிடும். அதன்பின் குழலுக்குள் செல்லும் வரையிலும், சுட்டபின் வெளியே வரும் வரையிலும் தோட்டா கொக்கியின் பிடியிலேயே இருக்கும். இதைப் பிடித்துச் செலுத்தும் முறை எனலாம். இது மவுசரிடமிருந்து வந்தது.

வெளித்தள்ளி: போல்ட் முழுமையாகப் பின்னால் வரும்போது நிலையான ஒரு தகட்டின் முனை தோட்டாக்கூட்டில் மோதி அதை வெளியே எறியும். போல்ட்டை வேகமாக இழுத்தால் கூடு தொலைவில் விழும். மெதுவாக இழுத்தால் அருகிலேயே, கையால் எடுத்துக்கொள்ளும்படி விழும். கூடுகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோர் இதை விரும்பினர்.

பாதுகாப்புப் பூட்டு: போல்ட்டின் பின்முனையில் அமைந்தது. மூன்று நிலைகள் கொண்டது. முன்னிலையில் துப்பாக்கி சுடும். நடுநிலையில் சுடுஊசி பூட்டப்பட்டிருக்கும், ஆனால் போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். பின்னிலையில் சுடுஊசி, போல்ட் இரண்டும் பூட்டப்படும். விசையை மட்டும் தடுக்காமல் சுடுஊசியையே பிடித்து நிறுத்துவதால் இது நம்பகமானதாகக் கருதப்பட்டது.

விசை: சில உறுப்புகளே கொண்ட, மூடப்படாத எளிய அமைப்பு. தூசியோ பனியோ உள்ளே தங்காது. விசையின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

உடல்: துப்பாக்கியின் எஃகு உடல் முழுத் திண்ம எஃகிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டது. போல்ட்டும் அதன் கைப்பிடியும் ஒரே துண்டாக அடித்து உருவாக்கப்பட்டன. வால்நட் மரக்கட்டையில் கை நழுவாதிருக்க இடப்பட்ட கட்டக்கோடுகள் கையால் வெட்டப்பட்டன. குழல், கட்டையின் முன்பகுதியுடன் ஒரு திருகால் இணைக்கப்பட்டிருந்தது.

தயாரிப்பும் வகைகளும்

தொடக்கத்திலேயே .22 ஹார்னெட் என்ற சிறு தோட்டாவிலிருந்து, ஆப்பிரிக்கப் பெருவிலங்குகளுக்கான .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் வரை பல அளவுகளில் மாடல் 70 கிடைத்தது. .30-06, .270 ஆகிய இரண்டுமே மிகுதியாக விற்றன. மேம்பட்ட மரவேலை கொண்ட 'சூப்பர் கிரேடு', இலக்குச் சுடுதல் போட்டிகளுக்கான கனமான குழல் கொண்ட வகைகள் ஆகியவையும் வெளிவந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது வின்செஸ்டர் ஆலை, எம்1 காரண்ட், எம்1 கார்பைன் ஆகிய படைத் துப்பாக்கிகளைச் செய்வதற்குத் திரும்பியது. போருக்குப் பின் மாடல் 70 மீண்டும் தயாரானது. 1952-இல் எடை குறைந்த 'ஃபெதர்வெயிட்' வகை வந்தது. இதில் விசைக்காப்பும் பெட்டியின் அடித்தகடும் அலுமினியக் கலவையால் ஆனவை. பின்-64 மாடலின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளுள் அலுமினிய உறுப்புகளும் ஒன்று. ஆனால் அலுமினியம் 12 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் துப்பாக்கிக்குள் நுழைந்துவிட்டது. 1956-இல் .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கான 'ஆஃப்ரிக்கன்' வகை அறிமுகமானது. யானை, காட்டெருமை போன்ற பெருவிலங்குகளுக்கான வகை இது.

'அவுட்டோர் லைஃப்' இதழில் நீண்ட காலம் துப்பாக்கிகள் பற்றி எழுதிய ஜாக் ஓ'கானர், மாடல் 70-ஐயும் .270 தோட்டாவையும் பரவலாக அறியச் செய்தவர்களில் முதன்மையானவர். துப்பாக்கியின் புகழில் அவரது எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1963 இறுதி வரையிலான வரிசை எண்கள் 5,81,471 வரை சென்றன.

படைப் பயன்பாடு

மாடல் 70 படைகளுக்காக உருவாக்கப்பட்டதன்று. எனினும் 1942-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 373 துப்பாக்கிகளை வாங்கியது. இவற்றில் பல பின்னர் கனமான குழல் பொருத்தப்பட்டு இலக்குச் சுடுதல் போட்டிகளில் பயன்பட்டன. வியட்நாம் போரில் 93 பேரைச் சுட்டதாக உறுதிசெய்யப்பட்ட கார்லோஸ் ஹாத்காக் அங்குப் பயன்படுத்தியது .30-06 அளவிலான மாடல் 70-ஐயே. ஆனால் 1966-இல் அப்படை தன் நிரந்தரக் குறிசுடுநர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தபோது, போட்டி நிறுவனமான ரெமிங்டனின் மாடல் 700-ஐ அடிப்படையாகக் கொண்ட எம்40-ஐயே ஏற்றது.

மாற்றத்துக்கான காரணங்கள்

மாடல் 70-ஐத் தயாரிக்கும் முறை 1930-களின் முறையாகவே நீடித்தது. ஒரு எஃகுத் துண்டு துப்பாக்கி உடலாக மாறுவதற்குள் பல கடைசல் எந்திரங்களைக் கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எந்திரத்திலும் தேர்ந்த தொழிலாளி ஒருவர் நின்றார். பொருத்துதல், மெருகூட்டல், மரவேலை ஆகியவற்றில் கைவேலை மிகுதி. போருக்குப் பின் அமெரிக்காவில் ஊதியம் உயர்ந்தது. துப்பாக்கியின் அடக்கவிலையும் அதனுடன் உயர்ந்தது.

ரெமிங்டன் வேறு வழியில் சென்றது. மைக் வாக்கரும் அவருடன் பணியாற்றிய பொறியாளர்களும் எளிதாகத் தயாரிக்கக்கூடிய துப்பாக்கியைத் தொடக்கத்திலிருந்தே வரைந்தனர். 1948-இல் மாடல் 721, 722 ஆகியவையும், 1962-இல் மாடல் 700-உம் வெளிவந்தன. இவற்றின் உடல் உருளை வடிவானது; கடைவதற்கு எளிது. பின்னுதைப்பைத் தாங்கும் தகடு தனியே செய்யப்பட்டுக் குழலுக்கும் உடலுக்கும் இடையே செருகப்பட்டது. போல்ட்டின் கைப்பிடி பற்றவைத்து ஒட்டப்பட்டது. நீண்ட கொக்கிக்குப் பதிலாகச் சிறிய கொக்கி ஒன்று போல்ட் முகத்துக்குள்ளேயே அடங்கியது. விலை குறைவு, துல்லியமோ சிறப்பாக இருந்தது.

வின்செஸ்டருக்கு இரண்டு வழிகள் இருந்தன. விலையை உயர்த்தி வாடிக்கையாளரை இழப்பது ஒன்று. தயாரிப்பு முறையை மாற்றுவது மற்றொன்று. நிறுவனம் இரண்டாவதைத் தேர்ந்தது. இது மாடல் 70-க்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே ஆண்டில் புகழ்பெற்ற மாடல் 94 நெம்புகோல் ரைஃபிளின் உறுப்புகளும் மலிவான முறைக்கு மாறின. எந்திரக் கடைசல் மிகுந்த மாடல் 12 ஷாட்கன் வழக்கமான உற்பத்தியிலிருந்து நீக்கப்பட்டது.

1964-இல் மாறியவை

புதிய மாடல் 70-இன் வரிசை எண்கள் 7,00,000-இலிருந்து தொடங்கின. முக்கிய மாற்றங்கள்:

நீண்ட இழுகொக்கி நீக்கப்பட்டது. போல்ட்டின் முகம் கிண்ணம் போல் குழிவாக்கப்பட்டு, தோட்டாவின் அடிப்பகுதியை முழுவதும் சூழ்ந்துகொண்டது. சிறிய கொக்கி ஒன்று அதனுள் பொருத்தப்பட்டது. போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளும். கொக்கி அதன் விளிம்பைப் பற்றுவது இறுதிக் கட்டத்தில்தான். இது தள்ளிச் செலுத்தும் முறை.

நிலையான வெளித்தள்ளித் தகட்டுக்குப் பதிலாக, போல்ட் முகத்தில் சுருள்வில்லால் இயங்கும் ஊசி ஒன்று வந்தது.

குழலின் உட்புறச் சுருள் வரிகளை வெட்டி எடுக்கும் முறை கைவிடப்பட்டது. உள்ளே ஓர் அச்சுத்தண்டை வைத்து, வெளியிலிருந்து எந்திரச் சுத்தியல்களால் அடித்து வரிகளைப் பதிக்கும் முறை வந்தது.

மரக்கட்டையின் கட்டக்கோடுகள் கையால் வெட்டப்படாமல் சூடான அச்சால் அழுத்தப்பட்டன. குழலைக் கட்டையுடன் இணைத்த திருகு நீக்கப்பட்டது. குழலுக்கும் மரத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விடப்பட்டது.

மூன்று நிலைப் பாதுகாப்புப் பூட்டும், பழைய எளிய விசையும் மாற்றமின்றித் தொடர்ந்தன.

எதிர்வினை

புதிய துப்பாக்கியைக் கையிலெடுத்தவர்கள் முதலில் கண்டது பொறியமைப்பை அன்று, தோற்றத்தை. அழுத்திப் பதித்த கட்டக்கோடுகள் மலிவாகத் தெரிந்தன. குழலோர இடைவெளி, தச்சரின் அளவுப் பிழை போலத் தோன்றியது. போல்ட் பின்னால் இழுக்கப்பட்ட நிலையில் தளர்ந்து ஆடியது. இதுவரை மாடல் 70-ஐப் போற்றி எழுதிய ஓ'கானர், புதிய வடிவத்தை வெளிப்படையாகக் குறைகூறினார்.

கடைகளில் எஞ்சியிருந்த பழைய துப்பாக்கிகளைத் தேடி வாங்கும் போக்கு தொடங்கியது. பழையவற்றின் விலை ஏறியது. 1968-இல் ரூகர் நிறுவனம், பழைய மரபு சார்ந்த கட்டை வடிவத்துடனும் மவுசர் பாணி நீண்ட கொக்கியுடனும் மாடல் 77-ஐ வெளியிட்டது. மாடல் 70-ஐ விட்டு விலகியவர்களில் பலருக்கு அது பிடித்துப்போனது. ரெமிங்டன் 700-இன் விற்பனையும் வளர்ந்தது. செலவைக் குறைத்து ரெமிங்டனுடன் போட்டியிட முயன்ற வின்செஸ்டர், தன் துப்பாக்கியை ரெமிங்டனிலிருந்து வேறுபடுத்திய கூறுகளையே கைவிட்டிருந்தது.

வின்செஸ்டர் தவறுகளைத் திருத்த முயன்றது. 1968-இல் போல்ட் ஆடாமல் நேராக நகர வழிகாட்டும் அமைப்பு சேர்க்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அழுத்திப் பதித்த கோடுகள் நீங்கி, வெட்டப்பட்ட கோடுகள் திரும்பின. 1981-இல் மெலிந்த வடிவத்துடன் வந்த புதிய ஃபெதர்வெயிட் வகை நல்ல வரவேற்பைப் பெற்றது. எனினும் 'பின்-64' என்ற பெயரில் ஒட்டிய இழுக்கு எளிதில் நீங்கவில்லை.

இரு வடிவங்களின் ஒப்பீடு

பழையது அனைத்திலும் சிறந்தது, புதியது அனைத்திலும் தாழ்ந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. கூறு கூறாகப் பார்த்தால் அது முழு உண்மையன்று.

தோட்டா ஏற்றம்: பிடித்துச் செலுத்தும் முறையின் சிறப்பு, பதற்றமான நேரத்தில் வெளிப்படும். காயம்பட்ட கரடியோ காட்டெருமையோ எதிரே பாயும்போது, போல்ட்டை முழுதும் மூடாமலேயே மீண்டும் பின்னால் இழுத்துவிடும் பிழை நேரலாம். பழைய அமைப்பில் தோட்டா கொக்கியின் பிடியில் இருப்பதால் போல்ட்டுடன் சேர்ந்து வெளியே வந்துவிடும். தள்ளிச் செலுத்தும் முறையில் அது குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த தோட்டா அதன் மீது மோதித் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் ஆபத்தான விலங்குகளை வேட்டையாடுவோர் பழைய முறையை வலியுறுத்துவது இதனால்தான். மான் வேட்டையில் இந்த வேறுபாடு பெரும்பாலும் உணரப்படுவதில்லை.

பிடுங்கும் ஆற்றல்: நீண்ட கொக்கி தோட்டா விளிம்பின் அகன்ற பகுதியைப் பற்றுகிறது. அழுக்கேறிய அல்லது சூட்டில் இறுகிய கூட்டையும் இழுத்துவிடும். சிறிய கொக்கியின் பிடி இதைவிடக் குறைவு. சாதாரணப் பயன்பாட்டுக்கு அதுவே போதும்.

பாதுகாப்பு: இங்கே புதிய வடிவம் முந்துகிறது. பழைய மாடலின் கூம்பு வடிவக் குழல்வாய் தோட்டா ஏறுவதை எளிதாக்கியது. ஆனால் தோட்டாக்கூட்டின் அடிப்பகுதியில் சிறு பகுதி ஆதரவின்றி நின்றது. கூடு பிளந்தால் சூடான வாயு பின்னோக்கி வர வழியுண்டு. புதிய போல்ட்டின் முகம் கூட்டின் அடியை முழுவதும் சூழ்வதால் அந்த ஆபத்து குறைந்தது.

துல்லியம்: மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். குழலை மரத்துடன் திருகி இணைத்தால் மரத்தின் அசைவு குழலை அழுத்தி, குறியை மாற்றும். மரத்தைத் தொடாத குழலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சுத்தியலால் அடித்துச் செய்த குழல்களும் நன்றாகவே சுட்டன. பின்-64 துப்பாக்கிகள் பல, தம் முன்னோரைவிடக் குறைவின்றிச் சுடக்கூடியவை. கண்ணுக்கு அருவருப்பாகத் தெரிந்த இடைவெளிதான் துல்லியத்துக்கு உதவியது.

வேலைத்தரம்: முன்-64 துப்பாக்கிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. போருக்கு முந்தையவற்றின் மெருகும் பொருத்தமும் மிக உயர்ந்தவை. 1960-களின் தொடக்கத்தில் எந்திரங்கள் தேய்ந்திருந்தன, அவசரமும் கூடியிருந்தது. அக்காலத் துப்பாக்கிகளில் கரடுமுரடான வேலையைக் காணலாம். தரச்சரிவு 1964-இல் திடீரென நிகழவில்லை. அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

சுருங்கச் சொன்னால், புதிய வடிவம் பொறியியல் நோக்கில் தோல்வியன்று. ஒரு பெயரை நம்பி வாங்கியவர்கள் எதிர்பார்த்த பொருள் அதுவாக இல்லை என்பதே அதன் தோல்வி. துப்பாக்கியை நீண்டகாலம் வைத்திருந்து மகனுக்குத் தரும் வழக்கமுள்ள சமூகத்தில், கையால் செய்த வேலை கண்ணுக்குத் தெரிவதும் பயனின் ஒரு பகுதியே. செலவுக் கணக்கில் அது இடம்பெறவில்லை.

பழைய முறையின் மீள்வருகை

1979–80-இல் நியூ ஹேவன் ஆலையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. 1981-இல் ஆலின் நிறுவனம் துப்பாக்கித் தயாரிப்பை யு.எஸ். ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் என்ற புதிய நிறுவனத்துக்கு விற்றது. வின்செஸ்டர் என்ற பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் வழங்கியது. புதிய நிறுவனம் 1986-இல் திவாலானது. பின்னர் பெல்ஜியத்தின் எஃப்.என். குழுமத்தின் கைக்குச் சென்றது.

இக்காலத்தில் கணினியால் இயங்கும் கடைசல் எந்திரங்கள் பரவலாகின. முன்பு பல எந்திரங்களும் பல தொழிலாளர்களும் தேவைப்பட்ட வேலையை ஓர் எந்திரமே தொடர்ச்சியாகச் செய்து முடித்தது. 1963-இல் கட்டுப்படியாகாத நீண்ட கொக்கியும் அதற்குரிய போல்ட்டும் மீண்டும் நியாயமான செலவில் செய்யக்கூடியவை ஆயின. 1992-இல் 'மாடல் 70 கிளாசிக்' என்ற பெயரில் பிடித்துச் செலுத்தும் முறை வழக்கமான உற்பத்திக்குத் திரும்பியது. தள்ளிச் செலுத்தும் வகையும் அதனுடன் மலிவான தேர்வாகத் தொடர்ந்தது.

கிளாசிக், பழையதன் அப்பட்டமான நகலன்று. கொக்கியும் தகட்டு வெளித்தள்ளியும் பழையவை; சுத்தியலால் அடித்துச் செய்யும் குழல் 1964-இன் கொடை. இரு காலங்களின் நல்ல கூறுகள் அதில் இணைந்தன.

ஆலை மூடலும் தற்கால வடிவமும்

பழைய முறை திரும்பியும் நியூ ஹேவன் ஆலை பிழைக்கவில்லை. 2006 மார்ச் இறுதியில் அது மூடப்பட்டது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உழைத்த அங்கு, மூடும்போது எஞ்சியிருந்தவர்கள் 200-க்கும் குறைவு. மாடல் 70-இன் உற்பத்தியும் நின்றது.

அடுத்த ஆண்டே அதன் மீள்வருகை அறிவிக்கப்பட்டது. எஃப்.என். நிறுவனம் தென் கரோலைனா மாநிலத்தின் கொலம்பியா நகரிலுள்ள தன் ஆலையில் அதைத் தயாரித்தது. 2013 முதல் துப்பாக்கிகள் போர்ச்சுகலில் இறுதிப் பொருத்தம் செய்யப்பட்டு வருகின்றன. தற்போதைய மாடல் 70-இல் நீண்ட கொக்கி, தகட்டு வெளித்தள்ளி, மூன்று நிலைப் பாதுகாப்புப் பூட்டு ஆகிய மூன்றும் உள்ளன. 1936 முதல் மாறாதிருந்த விசை மட்டும் 2008 வாக்கில் மாறியது. அதனிடத்தில் மூடிய பெட்டிக்குள் அமைந்த புதிய விசை வந்தது. புதியது மென்மையாகவும் சீராகவும் இழுபடுகிறது. பழைய திறந்த விசையே தூசிக்கும் பனிக்கும் ஏற்றது என்று வாதிடுவோரும் உள்ளனர். 1964-இன் விவாதம் சிறிய அளவில் மீண்டும் நடக்கிறது.

அடையாளம் காணும் முறை

முன்-64 துப்பாக்கிகளுக்கு மதிப்பு மிகுதி என்பதால் அடையாளம் காண்பது முக்கியமாகிறது. உடலில் பொறித்த வரிசை எண் 5,81,471-க்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 7,00,000-உம் அதற்கு மேற்பட்டவையும், பின்னர் வந்த 'ஜி' எழுத்தில் தொடங்குபவையும் 1964-க்குப் பிந்தையவை. போல்ட்டின் வலப்பக்கம் நீண்ட கொக்கி இருப்பது மட்டும் போதிய சான்றாகாது. 1992-க்குப் பிந்தைய கிளாசிக் வகைகளிலும் அது உண்டு. கட்டையின் முன்பகுதிக்கு அடியில் குழலை இணைக்கும் திருகு இருப்பது பழையதன் மற்றோர் அடையாளம். அரிதான தோட்டா அளவுகளுக்கு விலை கூடுதல் என்பதால், குழலை மாற்றிப் பொருத்திய போலிகளும் சந்தையில் உண்டு.

வரலாற்று இடம்

மாடல் 70-இன் வரலாறு, கைத்திறன் சார்ந்த தொழிலிலிருந்து பேரளவு உற்பத்திக்கு மாறிய இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளின் வரலாற்றைச் சிறிய அளவில் காட்டுகிறது. 1964-இன் முடிவு பேராசையால் விளைந்தது என்பது பொதுவான குற்றச்சாட்டு. உயரும் ஊதியம், தேய்ந்த எந்திரங்கள், மலிவான போட்டியாளர் ஆகிய மூன்றுக்கும் நடுவில் ஏதேனும் ஒரு மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்தது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற தேர்வில்தான் பிழை நேர்ந்தது. கைவிட்ட கொக்கியைத் திரும்பக் கொண்டுவர ஒரு புதிய எந்திரத் தலைமுறையும் 28 ஆண்டுகளும் தேவைப்பட்டன. இன்று மாடல் 70 அதே கொக்கியுடன் தயாராகிறது. அதை முதலில் செய்த நியூ ஹேவன் ஆலையும் அங்கிருந்த தொழிலாளர்களும் இப்போது இல்லை.